பழம் வைச்ச பேஸ்ட்ரி வீட்டில சுடுறதெண்டா திருகோணமலை வெக்கைக்கு எது சரிவரும்?

எங்கட பேக்கரியளில பேஸ்ட்ரி எண்டு கேட்டா மீன், இல்லாட்டி கோழி வைச்சதுதான் எடுத்துத் தருவினம், இனிப்பா வேணுமெண்டா ஜாம் வைச்சது கிடைக்கும், அதுக்குள்ளயும் ஜாமைத் தேடித்தான் பிடிக்கவேணும். பழத்தை நிரப்பி, கடிக்கேக்க மொறுமொறுப்பா, உள்ள சூடா வேணுமெண்டா வீட்டில செய்யிறதுதான் வழி. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத வீடுகளில பின்னேரத் தேத்தண்ணிக்கு இது நல்லாப் பொருந்தும், முட்டை கூட இல்லாமச் செய்யலாம். யூடியூப்பில பாத்தா எல்லாம் சுகமாத்தான் தெரியுது, ஆனா அந்த வீடியோ எடுக்கிறவையின்ர குசினி குளிரான குசினி, எங்கட குசினியில வைகாசி ஆனியில கச்சான் எண்ட வறண்ட சூட்டுக் காத்து அடிக்கேக்க மத்தியானம் 33, 34 டிகிரி சாதாரணம். அதால இங்க ருசியை மட்டும் வைச்சு ஒப்பிட்டுப் பிரயோசனமில்ல, எது எங்கட வெக்கைக்குள்ள நிண்டுபிடிக்கும் எண்டதையும் சேர்த்துத்தான் பாக்கவேணும்.

மாவுக்கு மூண்டு வழி இருக்கு. பட்டரை ஒரு தகடாத் தட்டி மாவுக்குள்ள பொதிஞ்சு திரும்பத் திரும்ப உருட்டி மடிக்கிற முழு பஃப், பட்டரைத் துண்டு துண்டா மாவோட பிரட்டி மடிக்கிற ரஃப் பஃப், பிறகு கடையில மடிச்சு உருட்டி உறையவைச்சு விக்கிற மாவுத் தகடு, அதுதான் ஃப்ரோசன் ஷீட். மூண்டிலயும் வேலை செய்யிறது ஒரே விஷயம்தான், ஈஸ்ட்டும் இல்ல பேக்கிங் பவுடரும் இல்ல, மாவுக்கும் பட்டருக்கும் உள்ள தண்ணி அவன் (பேஸ்ட்ரி சுடுற அடுப்பு) சூட்டில ஆவியாகி மேல எழும்பப் பாக்கும், கொழுப்பு அடுக்கு அதை விடாமப் பிடிக்கும், அப்ப ஒவ்வொரு அடுக்கும் தூக்குப்படும். முழு பஃப்பை மூண்டு மடிப்பா ஆறு தரம் மடிச்சா பட்டர் அடுக்கு மட்டும் 729 வரும். அவனுக்குப் போக முதலே பட்டர் உருகி மாவுக்குள்ள ஊறிட்டுதெண்டா 729உம் இல்ல ஏழும் இல்ல, கடைசியில வாறது ஒரு எண்ணெய் பிஸ்கட்.

பிரச்சினை இங்கதான் தொடங்குது. பட்டர் உருட்டுறதுக்குத் தோதா இருக்கிறது 15, 18 டிகிரி மட்டில, அதைவிடக் குளிரெண்டா வெடிச்சு உடையும், 32க்கு மேல போனா முழுசா உருகத் தொடங்கும். அதாவது எங்கட குசினிச் சூடே பட்டர் உருகிற சூடுதான். முழு பஃப்புக்கு அந்தத் தகடு எல்லா இடமும் ஒரே பதத்தில இருக்கவேணும், மேசையில வைச்சு ரெண்டு தரம் உருட்ட முதலே ஓரம் இளகி நடு இறுகிக் கிடக்கும், பிறகு பிரிட்ஜ், பிறகு மேசை, திரும்பப் பிரிட்ஜ் எண்டு ஒரு முழு நாள் போயிடும். ஏசி போட்ட அறையில மேசை வைச்சுச் செய்யிற வசதி இருக்கிறவைக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல, மற்றவைக்கு இந்த வழி கச்சான் காலத்தில வேண்டாம். அதோட பழம் வைச்சு மூடிற பேஸ்ட்ரிக்கு அவ்வளவு உயரம் தேவையுமில்ல, உள்ளுக்குள்ள இருக்கிற பாரமே மாவை அமத்திப் பிடிக்கும், 729 அடுக்குக்குப் பட்ட பாடு பாதி அங்க வீணாப் போகும்.

ரஃப் பஃப்பில பட்டர் துண்டு துண்டாக் கிடக்கிறதால பதம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மன்னிச்சுவிடும். 250 கிராம் கோதுமை மாவுக்கு 200 கிராம் பட்டர், 110 தொடக்கம் 120 மில்லி ஐஸ் தண்ணி, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, இதுதான் நான் சொல்லுற அளவு. மாவுக்கு எங்கயும் அலையத் தேவையில்ல, சீனக்குடாவில மில்லே கிடக்கு, சாதாரண கோதுமை மா காணும். இங்க கடையளில கூட ஓடுறது உப்புப் போட்ட பட்டர், அதைப் பாவிச்சா மாவுக்கு வேற உப்புப் போடாதேங்கோ. பட்டரைச் சின்னக் கட்டியா வெட்டி ஃப்ரீசரில வையுங்கோ, மாவையும் கோப்பையோட ஃப்ரீசரில வையுங்கோ. தண்ணியை மட்டும் டாங்கியில இருந்து நேரா எடுத்திடாதேங்கோ, மத்தியானத்தில எங்கட பைப்புத் தண்ணி கன்னியா வெந்நீர் கிணத்துத் தண்ணி மாதிரி வரும். மேசையில ஒரு பெரிய தட்டத்தில ஐஸ் போட்டுக் கொஞ்ச நேரம் வைச்சிட்டு, அந்த இடத்தைத் துடைச்சுப்போட்டு உருட்டினா ஒரு பத்து நிமிஷம் லாபம். நாலு மடிப்புக் காணும், ரெண்டு மடிப்புக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் பிரிட்ஜில விடுங்கோ, பட்டர் இறுகிறதுக்கும் மாவின்ர இழுவை அடங்கிறதுக்கும் அது வேணும், இல்லாட்டி வெட்டின சதுரம் அவனுக்குள்ள சுருங்கிப்போகும். விடிய அஞ்சு மணிக்குத் தொடங்கினா வெயில் ஏற முதல் மடிச்சு முடிச்சிடலாம்.

ஃப்ரோசன் ஷீட் எண்டா இந்த வேலை ஒண்டும் இல்ல, சூப்பர்மார்க்கெட்டில எடுத்து வந்து வெட்டி நிரப்பிச் சுடவேண்டியதுதான், பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வாற நேரத்துக்கு அவசரமாச் செய்ய இதை அடிக்க ஆளில்ல. ஆனா எங்கட ஊரில ஷீட்டின்ர தலையெழுத்து அது வாற வழியில இருக்கு. லொறியிலயோ கடையிலயோ ஒருக்கா இளகித் திரும்ப இறுகின ஷீட் எழும்பாது. பைக்கற்றுக்குள்ள வெள்ளையா ஐஸ் படிஞ்சிருந்தா, இல்லாட்டி ஷீட் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி ஒரு பக்கம் வளைஞ்சு இறுகியிருந்தா அதை அப்படியே வைச்சிட்டு வாங்கோ. வீட்ட கொண்டு வரேக்க ஒரு கூலர் பெட்டி எடுத்துக்கொண்டு போறது நல்லம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருக்கிறவைக்கு ஆட்டோவில வந்து சேரவே அது இளகிப் போயிடும். இளக விடுறதும் மேசையில இல்ல, முதல் நாள் ராத்திரி பிரிட்ஜின்ர கீழ்த்தட்டில.

இனிக் கொழுப்பு. பேக்கரிக்காரர் பாவிக்கிற பேஸ்ட்ரி மாஜரின் எண்டு ஒண்டு இருக்கு, டப்பில வாற பாணுக்குப் பூசிற மாஜரின் இல்ல, அது வேற, அது இதுக்குச் சரிவராது, தண்ணிப்பிடிப்பு, கெதியா இளகும். பேஸ்ட்ரி மாஜரின் கட்டியா, மெழுகுப் பதத்தில இருக்கும், 40 டிகிரிக்கு மேலதான் உருகும்படி செய்தது, எங்கட வெக்கையில அதை உருட்டினா பட்டரோட மல்லுக்கட்டின கை ஆச்சரியப்படும். எழும்புறதும் பட்டரைவிட உயரமாத்தான் எழும்பும், விலையும் குறைவு. அப்ப ஏன் எல்லாரும் அதையே பாவிக்கக்கூடாது? உடம்புச் சூடு 37, இது அதுக்கு மேலதான் உருகும், அதால வாய்க்குள்ள கரையாம அண்ணத்தில ஒரு படை விட்டுட்டுப் போகும். மீன் பேஸ்ட்ரியில அது தெரியாது, மிளகும் பச்சைமிளகாயும் வெங்காயமும் எல்லாத்தையும் மூடிப்போடும். பழத்துக்கு அப்படி மூடுற சக்தியில்ல, அன்னாசியின்ர புளிப்பும் மாம்பழ வாசமும் போன பிறகு நாக்கில மிஞ்சிறது அந்தக் கொழுப்புத்தான். அதால என்ர தீர்ப்பு, காரமான பேஸ்ட்ரிக்கு மாஜரினை வைச்சுக்கொள்ளுங்கோ, பழத்துக்குப் பட்டர். பிறந்தநாளுக்கு அம்பது அறுவது செய்யவேணுமெண்டு வந்தா பாதிக்குப் பாதி கலந்து ரஃப் பஃப் செய்யலாம், பட்டர் வாசமும் வரும், கையும் தப்பும்.

பழத்தில எது? முதல்ல எல்லாப் பழத்துக்கும் பொதுவா ஒண்டு, பச்சையா வைக்காதேங்கோ, வாழைப்பழம் மட்டும் விதிவிலக்கு. அன்னாசியில 100 கிராமில 86 கிராம் தண்ணி, மாம்பழத்தில 83, வாழைப்பழத்தில 75. அந்தத் தண்ணி வெளியேற இடமில்லாம அடிமாவுக்குள்ள இறங்கினா மேல மொறுமொறு, கீழ களி.

அன்னாசிதான் எனக்கு முதல் இடம். சின்னதா வெட்டி, அரைக்கிலோவுக்கு 100 கிராம் சீனி போட்டு, மூடாம, பாதியாச் சுண்டும் வரைக்கும் வத்தவிட்டு, கடைசியில ஒரு மேசைக்கரண்டி கோர்ன்ஃப்ளவரைக் குளிர்தண்ணியில கரைச்சு ஊத்தி ஒரு கொதி வந்த உடன இறக்கவேணும். முதலே ஊத்திக் கனநேரம் கொதிக்கவிட்டா புளிப்பு அந்தத் தடிப்பை உடைச்சுத் திரும்பத் தண்ணியாக்கிப்போடும். ஒரு துண்டு கறுவா போடலாம், ஏலக்காய் வேண்டாம். சமைச்சாலும் அன்னாசி அன்னாசியாவே இருக்கும், கடிபடும், புளிப்பு பட்டரை வெட்டும்.

மாம்பழத்துக்கு எங்கட வீடுகளில ஆதரவு கூட, மச்சாள் ஒருத்தி "கறுத்தகொழும்பான் இருக்கேக்க அன்னாசி எதுக்கு" எண்டு சண்டைக்கே வருவா. நான் சொல்லுறன், கறுத்தகொழும்பானைச் சும்மா வெட்டிச் சாப்பிடுங்கோ, அடுப்பில வைச்சா அதின்ர வாசத்தில பாதி புகையோட போயிடும், பழம் கரைஞ்சு கூழாயிடும். பேஸ்ட்ரிக்குத் தோதானது செங்காய்ப் பருவம், புளிப்பும் இருக்கும், துண்டும் நிக்கும். இதில இன்னொரு இடைஞ்சலும் இருக்கு, மாம்பழம் மலிவா வாற மாசங்களும் கச்சான் அடிக்கிற மாசங்களும் ஒண்டுதான், பழம் கையில இருக்கேக்க பட்டர் கையில நிக்காது. அதுக்கு நல்ல வழி, சீசனில அந்தச் செங்காயைச் சீனியோட வத்தவைச்சு ஃப்ரீசரில போட்டிட்டு, கார்த்திகை மார்கழி மழைக்குக் குசினி கொஞ்சம் குளிர்ந்த பிறகு சுடுறது. அப்படி வைக்கிறதெண்டா கோர்ன்ஃப்ளவரைச் சேர்க்காம வையுங்கோ, சேர்த்து இறுகவைச்சா இளகேக்க தண்ணி கக்கும். எடுத்த பிறகு சூடாக்கிச் சேருங்கோ.

வாழைப்பழம் சோம்பேறியளுக்கு, அதில குறையொண்டும் இல்ல. கதலியோ இதரையோ, தோல் கறுக்க முதல் வெட்டி, தேசிக்காய் பிழிஞ்சு, கறுவாத்தூளும் கொஞ்சம் கஜுவும் போட்டு மூடினாச் சரி. சுட்டா மென்மையா வரும், ஆனா இனிப்புக்கு எதிரா ஒண்டும் இல்லாததால ரெண்டாவது பேஸ்ட்ரி திகட்டும். ஜாம் எண்டா கேக் தூளோ பாண் தூளோ கலந்து இறுக்கமாக்கினாத்தான் நிக்கும், சும்மா வைச்சா சூட்டில இளகி ஓரத்தால ஓடித் தட்டில கருகும், விளாம்பழ ஜாம் கொஞ்சம் தடிப்பு எண்டதால மற்ற ஜாமுகளை வெல்லும். அப்பிள், கடல் கடந்து வந்த விலைக்கு எனக்கு மனம் வரேல்ல.

அவன் பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டுமில்ல. மேசையில வைக்கிற கரண்ட் அவனெண்டா 200 டிகிரிக்கு இருவது நிமிஷம் முதலே சூடாக்கி, வெறும் தட்டையும் உள்ள வைச்சுச் சூடாக்கி, பேஸ்ட்ரியைக் கீழ்ப்பாதியில வைச்சா அடி வேகும், மேல கம்பி கிட்ட எண்டா எழும்ப முதலே கறுக்கும். காஸ் அவன் அடிச்சூடு நல்லம், மூலைக்கு மூலை வித்தியாசப்படும், நடுவில ஒருக்காத் தட்டைத் திருப்புங்கோ. ஏர் ஃப்ரையரில நாலு அஞ்சு செய்யலாம், சூட்டை 180 ஆக் குறைச்சு, காத்து மேலடுக்கைக் கிளப்பாம இருக்க ஓரத்தை நல்லா அமத்தி ஒட்டவேணும். எதிலயெண்டாலும் மேல ரெண்டு கீறல் போடுங்கோ ஆவி போக. முட்டை பூசிறதெண்டா வெட்டின ஓரத்தில வழியவிடாதேங்கோ, அடுக்கை ஒட்டிப்போடும். சைவமெண்டா பாலும் கொஞ்சம் சீனியும், நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறும்.

நிரப்பிச் சுடாத பேஸ்ட்ரியை ஃப்ரீசரில வைச்சு, வேண்டிய நேரம் இளக்காமலே அவனுக்குள்ள போடலாம், அஞ்சு நிமிஷம் கூட எடுக்கும், அவ்வளவுதான். சுட்டது மிஞ்சினா எங்கட கடல்காத்து ஈரத்துக்கு ராத்திரிக்கே தொய்ஞ்சுபோகும், டப்பாவில மூடி வைச்சு, அடுத்த நாள் 170இல அவனில சூடாக்குங்கோ, மைக்ரோவேவில வைச்சா இன்னும் தொய்யும்.