வண்ணாரப்பேட்டையில் ஒரு செக் துணிக்கடை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஏசி போட்ட பெரிய கடைகளைத் தாண்டி, குறுக்குச் சந்து ஒன்றில் இருக்கிறது இந்தச் சின்னக் கடை. கைலி, துண்டு, சட்டைத்துணி மூன்றும்தான் சரக்கு. எல்லாமே செக். கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். துணியை வாசல் வெளிச்சத்துக்கே எடுத்துப்போய் இரண்டு பக்கமும் பார்க்கலாம். பேரம் பேசினால் மட்டும் முதலாளிக்குக் காது கேட்காது.

வங்கியில் செக் பாஸ் பண்ணியே நரைத்தவன் நான். அதனால் பில் போடும் பையன் "அந்தச் செக்கும் இந்தச் செக்கும் ஒண்ணா சார்?" என்று கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுதான் தம்பி. சதுரங்கத்து ராஜாவுக்குப் பாரசீகத்தில் 'ஷா' என்று பெயர். அந்தச் சொல் அரபி, பழைய பிரெஞ்சு எல்லாம் சுற்றி இங்கிலாந்து போய்ச் செக் ஆயிற்று. ராஜாவை மறிப்பது, அப்புறம் எதையும் தடுப்பது, அப்புறம் சரிபார்ப்பது என்று பொருள் விரிந்தது. சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் கட்டம் போட்ட துணிக்கும் அதே பெயர். 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசுக்கு வரவேண்டிய பணத்தைக் கட்டத்துணி விரித்த மேசையில் காய் வைத்துத்தான் கணக்குப் பார்த்தார்கள். கஜானாவுக்கு 'எக்ஸ்செக்கர்' என்ற பெயர் வந்தது அதனால்தான். வங்கிச் செக் முதலில் மோசடியைத் தடுக்க வைத்திருந்த அடிக்கட்டையின் பெயர். எக்ஸ்செக்கரைப் பார்த்து பிரிட்டிஷ்காரர்கள் அதில் 'க்யூ' நுழைத்தார்கள். அமெரிக்கர்கள் இன்னும் 'கே'யோடு நிற்கிறார்கள்.

பையன் கேட்டுக்கொண்டே பில்லில் ஒரு துண்டைச் சேர்க்க மறந்தான். நானே சொல்லிச் சேர்க்கவைத்தேன், பழக்கதோஷம்.

சிவப்பும் நீலமும் கலந்த சட்டைத்துணி முதல் அலசலில் சாயம் விட்டது. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக்குக்கு அதையே பெருமையாக விளம்பரம் பண்ணி விற்றார்கள். என் வீட்டம்மாவிடம் அந்தக் கதை எடுபடவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுங்கள். கைலி அருமை, உடுத்த உடுத்த மெத்தென்று ஆகிறது.

தைக்க மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். பாக்கெட்டில் கட்டம் ஒரு பக்கம், சட்டையில் கட்டம் ஒரு பக்கம். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். தீபாவளி நெருக்கத்தில் அந்தப் பக்கம் வண்டி எடுத்துப்போனால் உங்கள் தலையெழுத்து. ஜிபே உண்டு. செக் வாங்கமாட்டார்களாம்.