இருட்டறையில் பாட்டு: ஆறு வருட அனுபவம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் குளியலறைதான் என் இருட்டறை. வாரத்தில் ஒரு இரவு ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, வாஷிங் மெஷின் மேல் என்லார்ஜரை (நெகடிவ்வைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் விளக்குக் கருவி) ஏற்றிக் கறுப்பு வெள்ளைப் படங்களை பிரிண்ட் போடுகிறேன். ஆறு வருடமாக உள்ளே ஏதாவது ஒரு பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வைத்திருந்தது சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். சத்தத்தில் குறையில்லை. ஆனால் முகப்பில் ஒரு நீல விளக்கு, பாட்டு ஓடும்வரை எரியும். பிரிண்ட் பேப்பர் இருட்டறையில் போடும் சிவப்பு விளக்கை, அதாவது சேஃப் லைட்டைத் தாங்கும், நீலத்தையும் பச்சையையும் தாங்காது. சில வாரமாகவே என் படங்களில் வெள்ளை சுத்தமாக வரவில்லை, லேசாக அழுக்குப் படிந்த மாதிரி இருந்தது. பேப்பரில் படத்தை வரவைக்கும் டெவலப்பர் கரைசல் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கரைத்தேன். மாறவில்லை. அப்புறம் ஒரு துண்டுப் பேப்பர் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, ஸ்பீக்கரை வழக்கமான இடத்தில் ஓடவிட்டேன். என்லார்ஜரைப் போடாமல் ஐந்து நிமிடம் கழித்து டெவலப் செய்தால், சாம்பல் நிறத்துக்கு நடுவே நாணயம் வெள்ளை வட்டமாக நின்றது. ஸ்பீக்கரை வெளியே வைத்து மறுபடி செய்தபோது வட்டமே இல்லை. அதற்குள் பாதிப் பெட்டி பேப்பர் வீணாகியிருந்தது, இன்றும் மனது ஆறவில்லை. விளக்கின் மேல் கறுப்பு டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டியதும் சரியாகிவிட்டது. போன் திரை இதைவிட மோசம். அது எப்போதும் கதவுக்கு வெளியேதான்.

இயர்போன் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. குனியும்போதெல்லாம் ஒயர், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சர் கரைசலில் தோய்ந்தது. அம்மா கதவைத் தட்டியதும் காதில் விழவில்லை.

நான்கு வருடமாக இருப்பது பென்சில் செல் போடும் டிரான்சிஸ்டர். விளக்கே கிடையாது, ஈரக் கையோடு பிளக்கைத் தொட வேண்டியதும் இல்லை. எஃப்.எம். 101.3-இல் ஆகாசவாணியின் ரெயின்போ, 100.1-இல் கர்நாடக சங்கீதம். உள்ளே போகும் முன்பே முள்ளை ஓரிடத்தில் நிறுத்திவிடுவேன்.

எந்தக் கருவி என்பதைவிட எந்தப் பாட்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. என்னிடம் டைமர் இல்லை, வெளிச்சம் விழும் நேரத்தைத் தாளம் போட்டுத்தான் எண்ணுகிறேன். தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு விநாடி என்றால் ஆதி தாளம் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், 8 விநாடி. இரண்டு ஆவர்த்தனத்தில் என் படங்கள் பெரும்பாலும் முடிந்துவிடும், வானம் மட்டும் வெளுத்திருந்தால் அந்த இடத்துக்கு இன்னும் ஒன்று. துரித காலத்தில் ஒரு கீர்த்தனை ஓடினால் கை தானாக மிருதங்கத்தோடு போய்விடுகிறது. 16 விநாடி 13 ஆகிறது, படம் வெளிறி வருகிறது. நேரம் பார்க்க முதலில் போடும் துண்டுப் பேப்பரில், டெஸ்ட் ஸ்ட்ரிப்பில், சரியாக வந்த நேரம் பெரிய பேப்பரில் ஏன் பிசகுகிறது என்று பல இரவுகள் குழம்பியது இதனால்தான். ஆலாபனையில் தாளம் இல்லை. ராகம் அதன் போக்கில் போகும், என் எண்ணிக்கை என் கையில் இருக்கும். பிரிண்ட் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆலாபனைதான்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் பியானோ கலைஞராகப் பயின்றவர். அவரும் இருட்டறையில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவி தட்டும் சத்தத்தை வைத்துத்தான் நேரம் எண்ணினார். நெகடிவ்வை இசைக்குறிப்புக்கும், பிரிண்ட்டை அதை வாசித்துக் காட்டுவதற்கும் ஒப்பிட்டவர் அவர். ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடிக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

ஃபிலிமை டெவலப் செய்வதற்காக ரீலில் சுற்றி ஏற்றும்போது மட்டும் ரேடியோவை அணைத்துவிடுகிறேன். முழு இருட்டில் ஃபிலிம் மடங்கினால் முதலில் தெரிவது காதுக்குத்தான், மெல்லிய சரசரப்பு.

கழுவும் நேரம் வேறு. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பருக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் ஆகும். 2024 கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது ஃபைபரை அறவே நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது மறுபடி போடுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் எண்ண எதுவும் இல்லை. கதவைத் திறந்து வைத்து, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்.