பழைய செவ்ரோலே பிக்அப்: தகட்டு வால்வு கவரா, வார்ப்பு அலுமினியமா?

1970களின் செவ்ரோலே பிக்அப்களில் உள்ள 350 (5.7 லிட்டர்) வி8 எஞ்சினின் மேற்புறம் எண்ணெய் கசிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வுகளை மேலிருந்து மூடும் வால்வு கவரை. பழைய தகட்டுக் கவரைச் சரிசெய்யலாம். வார்ப்பு அலுமினியக் கவர் வாங்கியும் மாட்டலாம்.

தகட்டுக் கவர் கசியப் பெரும்பாலும் துரு காரணமல்ல. கசிவை நிறுத்துவதாக நினைத்து யாரோ போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியிருப்பார்கள். துளையைச் சுற்றி விளிம்பு குழிந்துவிடும். கசியாமலிருக்கக் கவருக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட், இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே அழுந்தாது. விளிம்பைத் தட்டையான இரும்பின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி, இரும்பு அளவுகோலால் சரிபாருங்கள். அழுக்குக்கு மண்ணெண்ணெய் போதும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய மட்டும் கொடுக்காதீர்கள்: உள்ளே பற்றவைத்த தடுப்புத் தகட்டின் பின்னால் மணல் தங்கி, பிறகு எஞ்சினுக்குள் விழும்.

வார்ப்பு அலுமினியத்தின் விளிம்பு எளிதில் வளையாது. அது உண்மையான ஆதாயம்தான். ஆனால் 1986 வரையிலான பெரும்பாலான சிலிண்டர் ஹெட்டுகளுக்கு (கவர் உட்காரும் பாகம்) கவரின் விளிம்பில் போல்ட். 1987 முதல் நடுவில். மாற்றி வாங்கினால் பொருந்தாது. மலிவான சிலவற்றில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் எரிய அனுப்பும் பிசிவி வால்வுக்குக் கீழே தடுப்புத் தகடே இருக்காது. அப்போது எஞ்சின் எண்ணெயை உறிஞ்சி நீலப் புகை விடும். காஸ்டிக் கலந்த திரவத்தில் கழுவினால் அலுமினியம் அரிக்கும்.

துரு ஓட்டை விழாதவரை நான் பழையதையே வைத்துக்கொள்வேன்: கார்க்குக்குப் பதில் ரப்பர் கேஸ்கெட், போல்ட்டுகளுக்கு அடியில் அழுத்தத்தைப் பரப்பும் அகலமான பட்டைகள்.