திருகோணமலையில் பழைய வீடியோ கசெட்டை நம்பிக் கொடுக்கக்கூடிய ஒரு கடை

வீட்டில் பழைய வீடியோ கசெட் கிடந்தால் தூக்கி எறிய முதல் மத்திய வீதிப் பக்கம் இருக்கிற பழைய கசெட்டில் இருப்பதைக் கொம்பியூட்டருக்கு மாற்றித்தருகிற இந்தச் சின்ன ரெக்கோடிங் கடைக்கு ஒருதரம் போய்வாருங்கள். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டது, ஆனால் கசெட் மாற்றித்தருகிற அண்ணன் கடை என்று கேட்டால் அந்த வீதியில் யாரும் காட்டுவார்கள்.

நான் கொடுத்தது அப்பா வீடியோ டெக் வைத்திருந்த காலத்துக் கசெட்டுகள். அதில் ஒன்று ‘ஏழாவது மனிதன்’. 1982இல் ஹரிஹரன் எடுத்த படம், ரகுவரன் கதாநாயகனாக வந்த முதல் படம், சீமெந்து ஆலையை எதிர்த்து நிற்கிற ஒருவனின் கதை. பாட்டெல்லாம் பாரதியாருடையது, இசை எல். வைத்தியநாதன். யேசுதாஸ் பாடிய ‘காக்கைச் சிறகினிலே’ எத்தனையோ பேருக்கு மனப்பாடம், அது இந்தப் படத்தில் வந்தது என்று சொன்னால்தான் ஆச்சரியப்படுவார்கள். ரகுவரனை வில்லனாக மட்டும் பார்த்தவர்கள் இந்த மெலிந்த இளைஞனைக் கட்டாயம் பார்க்கவேண்டும், குரலை உயர்த்தாமலே அவ்வளவு கோபத்தைக் காட்டுகிறார்.

கசெட்டைத் திறந்தால் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். கடற்கரை ஊர், உப்புக்காற்று, ஈரம், வேறென்ன நடக்கும். அண்ணன் அதை அப்படியே டெக்கில் போடவில்லை. “தம்பி, இதை ஓடவிட்டா ஹெட்டும் போயிரும், நாடாவும் அறுந்துரும்” என்று சொல்லிவிட்டு (ஹெட் என்பது நாடாவைப் படிக்கிற டெக்கின் பாகம்), அடியில் இருந்த ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, நாடாவைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றியபடி மென்துணியால் துடைத்து, பிறகு வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றிப் போட்டார். அதற்கப்புறம்தான் கொம்பியூட்டரில் ஏற்றினார். மூன்று மணி நேர நாடா என்றால் மூன்று மணி நேரமும் ஓடித்தான் ஏறும், குறுக்குவழி கிடையாது. கோடு விழுகிற இடங்களில் எழுந்துபோய் டெக்கில் கோட்டை நீக்குகிற ட்ராக்கிங்கைத் திருகிச் சரிசெய்தார். முன்பு வேறொரு இடத்தில் கொடுத்தபோது முகமெல்லாம் அகலமாக இழுபட்டு வந்தது, இவர் படத்தின் பழைய சதுர அளவை மாற்றவே இல்லை.

கதைக்கத் தொடங்கினால் அண்ணன் இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு வந்துவிடுவார். 1972இல் கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த ‘வாடைக்காற்று’, தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தை வைத்து எடுத்த ‘பொன்மணி’. இதில் ‘பொன்மணி’தான் எனக்கு மிகவும் பிடித்தது. சீதனமும் சாதியும் ஒரு வீட்டை எப்படி அழுத்தும் என்பதை அவசரமே இல்லாமல் காட்டுகிற படம். ஒரு சிங்கள இயக்குநர் நம் வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்ததுபோல எடுத்திருக்கிறார், ஆனாலும் அப்போது தியேட்டரில் நிலைக்கவில்லை. 1983 யூலையில் கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டதில் எத்தனையோ படச்சுருள்கள் போய்விட்டன. அதை நினைத்தால் யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இருக்கிற மங்கலான பிரதிகூட எவ்வளவு பெரிய சொத்து என்பது விளங்கும்.

குறையும் சொல்லவேண்டும். ஆள் ஒருவர்தான், அதனால் நாளைக்கு என்றால் அடுத்த கிழமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது தரமாட்டார், எத்தனை கசெட் கொடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிவையுங்கள். கூலியை முதலே கேட்டுவிடுங்கள், பூஞ்சணம் பிடித்த நாடாவுக்குக் கொஞ்சம் கூட எடுப்பார், அந்த வேலைக்கு அது நியாயம். புதுப்படம் கேட்டுப் போகாதீர்கள், இல்லை என்று அனுப்பிவிடுவார்.

பென் ட்ரைவ் நீங்களே கொண்டுபோவது நல்லது. மூலக் கசெட்டையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள். அப்புறம், 1963இல் வந்த இலங்கைத் தமிழ்ப் படம் ‘தோட்டக்காரி’ எந்த வடிவத்திலாவது யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதைக் காசு வாங்காமலே மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.