எல்லாருக்கும் அரிசியா, தகுதி பாத்து ஆயிரமா?

அரசாங்க உதவிய எல்லாருக்கும் குடுக்கணுமா, தகுதி பாத்து குடுக்கணுமான்னு எங்க வியாசர்பாடி பக்கம் பேச்சு வந்தாலே தெரு ரெண்டா பிரிஞ்சிடும். ரேஷன் அரிசி 2011 ஜூன்ல இருந்து ஃப்ரீ, அரிசி கார்டு இருந்தா போதும். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர்ல வந்தது, மாசம் 1000 ரூபா, ஆனா ஆரம்பிச்சப்போ வச்ச கண்டிஷன் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள, கரண்டும் 3600 யூனிட்ட தாண்டக்கூடாது.

பையன் தரமணில ஐடி வேலைக்கு போற அக்கா, "இல்லாதவங்களுக்கு மட்டும் குடுத்தா போதும்பா, படிச்சா மேல வந்துடலாம்ல"ன்றாங்க. காசிமேட்டுல ஐஸ் பொட்டி தூக்குற அண்ணன், அவங்கப்பாவும் அதே வேலைதான், "எல்லாருக்கும் குடு, இல்லன்னா லிஸ்ட்ல மொதல்ல என் பேர்தான் போவும்"ன்றாரு. ரெண்டு பேருமே அவங்கவங்க வாழ்க்கைல பாத்தத தான் பேசறாங்க. அமெரிக்கா, ஐரோப்பால அலெசினா, ஸ்டான்சேவா, டெசோன்னு மூணு பொருளாதார நிபுணர்கள் பண்ண 2018 ஆய்வுலயும் மேல வர முடியும்னு நம்பாதவங்க தான் அரசாங்கம் பகிர்ந்து குடுக்கணும்னு ஜாஸ்தி சொன்னாங்க. ஹிர்ஷ்மன்னு ஒரு பொருளாதார நிபுணர் 1973லயே சொன்னாரு, வாழ்க்கைல மேல வர்றதும் டிராஃபிக் மாதிரிதான், அதுல பக்கத்து லேன் நகந்தா மொதல்ல நமக்கும் நம்பிக்கை வரும், நம்ம லேன் அப்டியே நின்னா அதுவே கோவமாயிடும்னு.

ஆயிரம் ரூபா நேரா பொம்பளைங்க கணக்குக்கே வருது, அது பெரிய விஷயம். இருந்தாலும் என் ஓட்டு அரிசி மாதிரி எல்லாருக்கும் குடுக்கறதுக்கு தான், ஏன்னா கொரோனா டைம்ல வேலை போனவங்க வருமான சான்றிதழுக்கு அலையாம நேரா ரேஷன் க்யூல வந்து நின்னாங்க.