ஈமேக்ஸின் உள்ளமைந்த உதவி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் அரசாங்க அலுவலகக் கணினிகளிலிருந்து இணையத்தைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு 2017இல் நடப்புக்கு வந்தது. அத்தகைய சூழலில் ஒப்பந்த முறையில் மென்பொருள் பராமரிப்பு வேலை செய்பவர்கள் ஐயம் எழுந்தவுடன் கூகலில் தேட முடியாது. வேறொரு கணினிக்கு எழுந்து போக வேண்டும். ஈமேக்ஸ் என்னும் உரைத்திருத்தி மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் உதவியை நான் பழகியது இந்த நெருக்கடியால்தான். இன்று வீட்டில் இணையம் இருந்தும் முதலில் அதையே கேட்கிறேன்.

1985 முதல் வெளிவரும் குனு ஈமேக்ஸில் (நான் பயன்படுத்தும் ஈமேக்ஸ் இதுதான்) கண்ட்ரோல்-எச் என்பதே உதவிக்கான வாசல். அடுத்து ‘டி’ அழுத்தினால் பயிற்சிப் பாடம் திறக்கும். நகர்தல், சேமித்தல், தேடல் போன்ற அடிப்படைகளைக் கற்றுத்தரும், அவ்வளவுதான். உண்மையான பயன் கண்ட்ரோல்-எச், ‘கே’யில் தொடங்குகிறது. அதை அழுத்திவிட்டு வேறு எந்த விசையைத் தட்டினாலும், அந்த விசை இந்தக் கோப்பில், இந்த நொடியில் எந்தக் கட்டளையை இயக்கும் என்பதை ஈமேக்ஸ் விளக்கத்தோடு சொல்லிவிடும். டேப் விசை பைத்தான் கோப்பில் வரியை உள்தள்ளும். குறிப்புகள் எழுத உதவும் ஆர்க் (Org) கோப்பின் தலைப்பில் அதே விசை அதன் கீழுள்ள பகுதியை மடித்து விரிக்கும். இணையத்தில் கிடைக்கும் பதில் யாரோ ஒருவருடைய ஈமேக்ஸைப் பற்றியது. இது என் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் ஈமேக்ஸைப் பற்றியது.

இந்த வேறுபாடு ‘வி’யில் இன்னும் துலக்கமாகத் தெரியும். வரி அகலத்தைத் தீர்மானிக்கும் ‘ஃபில்-காலம்’ (fill-column) மாறியின், அதாவது மாற்றக்கூடிய அமைப்பின், இயல்பு மதிப்பு 70 எழுத்து. ஒரு திட்டத்தின் கோப்புகளில் மட்டும் பத்தியின் வரிகள் 100 எழுத்து வரை நீண்டபோது கண்ட்ரோல்-எச், ‘வி’ கொடுத்து அந்த மாறியின் பெயரை இட்டேன். இப்போதைய மதிப்பு, பொது மதிப்பு ஆகியவற்றோடு, அந்த மதிப்பை விதித்தது திட்டக் கோப்புறையில் இருக்கும் அமைப்புக் கோப்பு என்பதையும் அதன் முழுப் பாதையோடு காட்டியது. எந்தத் தேடுபொறியும் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கைதவறி எதையோ அழுத்தித் திரை மாறிவிட்டால் ‘எல்’ உதவும். கடைசியாகத் தட்டிய 300 விசைகளை, அவை இயக்கிய கட்டளைகளோடு வரிசையாகக் காட்டும். தமிழில் எழுதுவோர் கண்ட்ரோல்-எச், பெரிய ‘ஐ’ கொடுத்து ஓர் உள்ளீட்டு முறையின் பெயரைச் சொன்னால், எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் வரும். அஞ்சல் என்னும் தமிழ் விசைமுறையில் பழகிய விரல்களுக்கு, ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டும் ஐட்ரான்ஸ் முறையின் ழகரமும் றகரமும் பிடிபடும்வரை அந்தப் பட்டியலைப் பக்கத்துச் சாளரத்திலேயே வைத்திருந்தேன்.

குறைகளும் உண்டு. ‘ஏ’ வழியாகச் சொல்லால் தேடினால், சொல் சற்றுப் பொதுவானதாக இருந்தாலும் பட்டியல் நீண்டு கண்ணைக் கட்டும். விளக்கங்கள் பல, ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்ப் தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெளியார் எழுதிய நீட்சிகளில் ஆசிரியர் ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் உதவியும் அந்த ஒரு வரிதான்.

இணையம் இல்லாத கணினியில் நிறுவுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் உரிமக் காரணங்களுக்காக ஈமேக்ஸ் கையேடு தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டு, முதன்மைக் களஞ்சியத்துக்கு வெளியே இருக்கிறது. அதையும் சேர்த்து நிறுவச் சொல்லாவிட்டால் ‘ஆர்’ அழுத்தும்போது கையேடு திறக்காது. சில முனையங்களில் பேக்ஸ்பேஸ் விசையே கண்ட்ரோல்-எச் ஆகப் போய்ச் சேரும். அங்கே எஃப்1 விசை அதே உதவியைத் திறக்கும்.