கொலோன் மூலக்கூறு நிறமாலைத் தரவுத்தளம்: ஐசோடோப்பு அளவீட்டுக்கு எவ்வளவு உதவும்?

விண்மீன்களுக்கிடையே உள்ள வாயு முகில்களில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின், நிறையில் வேறுபட்ட அணு வகை) விகிதங்களை அளப்பவர்களுக்குத் தொலைநோக்கிக்கு அடுத்தபடியாக வேண்டியது, எந்த மூலக்கூறு எந்த அதிர்வெண்ணில் கதிர்வீசும் என்று துல்லியமாகச் சொல்லும் பட்டியலாகும். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கிவரும் கொலோன் மூலக்கூறு நிறமாலைத் தரவுத்தளம் அத்தேவையைச் சிறப்பாக நிறைவேற்றுகிறது.

சாதாரண கார்பன் மோனாக்சைடின் முதல் சுழற்சிக் கோடு (மூலக்கூறின் சுழற்சி மாறும்போது வெளிவரும் கதிர்வீச்சு) 115.271 கிகாஹெர்ட்ஸிலும், கார்பன்-13 கொண்டதன் கோடு 110.201 கிகாஹெர்ட்ஸிலும், ஆக்சிஜன்-18 கொண்டதன் கோடு 109.782 கிகாஹெர்ட்ஸிலும் உள்ளன. இவை நன்கு விலகி நிற்பதால் குழப்பமில்லை. ஆனால் பால்வழியின் மையத்தருகே உள்ள தனுசு பி2 போன்ற முகில்களில் நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், அரிய ஐசோடோப்பு கொண்ட மூலக்கூறின் மெல்லிய கோட்டை அடையாளம் காண்பது கடினம். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அருகே அதன் பிழை அளவையும், அது ஆய்வகத்தில் அளக்கப்பட்டதா கணக்கிடப்பட்டதா என்பதையும் குறித்திருப்பது அங்கேதான் பெரிதும் கைகொடுக்கிறது. இந்த நேர்மையையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

புதியவர்கள் தடுமாறக்கூடிய இடம் கோட்டின் வலிமையாகும். இங்குள்ள வலிமைகள் 300 கெல்வின் வெப்பநிலைக்கானவை. ஐசோடோப்பின் இயற்கைப் பரவலால் பெருக்கப்படாதவை. புவிப் பரவலைச் சேர்த்தே தரும் ஹிட்ரான் என்னும் மற்றொரு நிறமாலைப் பட்டியலுக்குப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்பன்-12க்கும் கார்பன்-13க்கும் உள்ள விகிதம் சூரியக் குடும்பத்தில் ஏறத்தாழ 89 என்றும், சூரியனுக்கு அண்மையிலுள்ள முகில்களில் சுமார் 68 என்றும், பால்வழியின் மையத்தருகே 20 அளவுக்குக் குறைகிறது என்றும் அறிந்திருக்கையில், கண்டறிய வேண்டிய எண்ணை முன்கூட்டியே நுழைக்காமல் விட்டதே முறை.

பகிர்வுச் சார்பின் (ஒரு வெப்பநிலையில் மூலக்கூறுகள் எத்தனை ஆற்றல் நிலைகளில் பரவியிருக்கும் என்பதன் அளவு) மதிப்பையும் வலிமை எடுத்த அதே பதிவிலிருந்தே எடுக்க வேண்டும். அணுக்கருச் சுழற்சியை (அணுக்கருவின் ‘ஸ்பின்’ பண்பை) ஒரு பட்டியல் கணக்கில் கொண்டு மற்றொன்று விட்டிருந்தால், இரண்டையும் கலப்பவரின் விகிதம் இருமடங்கோ அதற்கும் மேலோ பிழைபடலாம். பெரிய மூலக்கூறுகள் சிலவற்றுக்குப் பகிர்வுச் சார்பில் அதிர்வு நிலைகளின் பங்கு சேர்க்கப்படவில்லை என்பது உண்மையான குறை. வெப்பம் மிகுந்த முகில்களை ஆராய்வோர் அதைத் தனியே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உரிய விளக்கப் பக்கத்தில் இவையெல்லாம் எழுதப்பட்டுள்ளன என்பதால், எண்களை மட்டும் இறக்கிக்கொள்ளாமல் அப்பக்கத்தையும் முழுமையாகப் படிக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.